சும்மா இருக்கும் லாகின்களைத் தானாக வெளியேற்றுதல்: எது பிசகினால் எங்கே பார்ப்பது

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் லினக்ஸ் சர்வரை நிர்வகிப்பவரிடம் இரண்டு வகைப் புகார்கள் வந்துகொண்டே இருக்கும். காலையில் உள்ளே நுழைந்தவர் திரையைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்கே போய்விட்டார் என்பது ஒன்று. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் வெளியே தள்ளிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஒருவர் சும்மா இருக்கிறாரா என்பதைக் கணினியால் நேரடியாக அறிய முடியாது. ஏதோ ஒரு கடிகாரத்தைப் பார்த்து ஊகிக்கிறது. அந்தக் கடிகாரம் ஒன்றல்ல, நான்கு.

பாஷ் ஷெல் (தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), தன் கட்டளைக் குறி முன்னால் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று எண்ணுகிறது. லாகின் அமர்வுகளைக் கண்காணிக்கும் சேவையான சிஸ்டம்டி-லாகின்டி, அந்த டெர்மினலில் கடைசியாக எப்போது விசை அழுத்தப்பட்டது என்று பார்க்கிறது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையின் ‘க்ளையன்ட் அலைவ்’ அமைப்புகள், மறுமுனையில் இருக்கும் கணினி பதில் தருகிறதா என்று மட்டும் கேட்கின்றன. அதே சேவையில் பின்னாளில் வந்த ‘சேனல் டைம்அவுட்’, இணைப்புக்குள் தரவு ஓடுகிறதா என்று கவனிக்கிறது. பிசகு என்று வரும் ஏறக்குறைய எல்லாமே, ஒரு கடிகாரத்தில் வரம்பை வைத்துவிட்டு இன்னொன்று அடிக்கும் என்று எதிர்பார்ப்பதால் வருகிறவை.

கட்டளைகளையும் அமைப்புகளையும் இங்கே உச்சரிப்பின்படி எழுதுகிறேன். தட்டும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில், திரையில் கடைசியாக என்ன இருந்தது?

புகார் சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். ‘டைம்டு அவுட் வெயிட்டிங் ஃபார் இன்புட்: ஆட்டோ-லாக்அவுட்’ என்ற வரி இருந்தால் வெளியேற்றியது பாஷ். அந்த வரியோடு டெர்மினல் மணியும் ஒருமுறை ஒலிக்கும். ‘ப்ரோக்கன் பைப்’ என்றோ ‘கனெக்ஷன் ரீசெட்’ என்றோ இருந்தால் ஷெல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை, இணைப்புதான் அறுந்திருக்கிறது. எதுவும் சொல்லாமல் அமர்வு மூடிக்கொண்டிருந்தால் சர்வரில் ‘ஜர்னல்சிடிஎல் -யு சிஸ்டம்டி-லாகின்டி’ என்று பாருங்கள். இன்ன பயனரின் அமர்வு செயலற்றிருப்பதால் நிறுத்தப்படுகிறது என்ற வரி அங்கே இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

யார் எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்று பார்க்க ‘டபிள்யூ’ என்ற ஒற்றை எழுத்துக் கட்டளை போதும். ஆனால் அதன் ‘ஐடில்’ நெடுவரிசையைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ‘2:14’ என்றால் 2 நிமிடம் 14 விநாடி. அதே எண்ணின் வாலில் ‘எம்’ என்ற எழுத்து ஒட்டியிருந்தால் 2 மணி 14 நிமிடம். அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல், இரண்டு நிமிடம் யோசித்துக்கொண்டிருந்தவரை இரண்டு மணி நேரம் காணாமல் போனவர் என்று எண்ணிவிடலாம். விநாடிகளையும் துல்லியமாக நம்ப வேண்டாம். விசை அழுத்தும் இடைவெளியைக் கொண்டு கடவுச்சொல்லை ஊகிக்க முடியும் என்று 2013-இல் தெரியவந்த பிறகு, லினக்ஸ் கெர்னல் டெர்மினலின் நேர முத்திரையை 8 விநாடிக்கு ஒருமுறை என்ற அளவில்தான் புதுப்பிக்கிறது.

“வரம்பு வைத்துவிட்டேன், ஆனால் யாரும் வெளியேறவில்லை”

பாஷில் வரம்பு வைக்கும் மாறியின் பெயர் ‘டிஎம்அவுட்’. டி, எம், ஓ, யு, டி என்ற ஐந்து எழுத்துகளும் பெரிய எழுத்துகள். அதில் 900 என்று வைத்தால் 900 விநாடி, அதாவது 15 நிமிடம். பெரும்பாலானோர் இதை ‘/இடிசி/ப்ரொஃபைல்.டி’ அடைவில் ஒரு கோப்பாக வைக்கிறார்கள். அங்கே மூன்று இடங்களில் தடுக்கும்.

முதலாவது, கோப்பின் பெயர் ‘.எஸ்எச்’ என்று முடியாவிட்டால் அது படிக்கப்படாது. இரண்டாவது, லாகின் ஷெல்கள் (உள்ளே நுழையும்போது முதலில் தொடங்குபவை) மட்டுமே அந்த அடைவைப் படிப்பது வழக்கம். வரைகலைத் திரையில் திறக்கும் டெர்மினல் பொதுவாக லாகின் ஷெல் அல்ல. ரெட்ஹேட் குடும்பத்தில் ‘/இடிசி/பாஷ்ஆர்சி’ அந்த அடைவையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் படிக்காது. அங்கே ‘/இடிசி/பாஷ்.பாஷ்ஆர்சி’ கோப்பிலும் அதே வரியைச் சேர்க்க வேண்டும். மூன்றாவது, அந்தப் பயனர் பாஷையே பயன்படுத்தாமல் இருக்கலாம். டிசிஎஸ்எச் ஷெல்லில் ‘ஆட்டோலாக்அவுட்’ என்ற வேறொரு மாறி, அதுவும் நிமிடக் கணக்கில். இசட்எஸ்எச் ‘டிஎம்அவுட்’டை ஏற்கும்; ஆனால் தனக்கென்று தனி அமைப்புக் கோப்புகளைப் படிக்கும். ‘கெட்என்ட் பாஸ்வேர்டு’ கட்டளை (இரண்டாவது சொல்லை ‘ஓ’, ‘ஆர்’ இல்லாமல் சுருக்கமாகத் தட்ட வேண்டும்) காட்டும் பயனர் பட்டியலில் ஒவ்வொருவரின் வரியிலும் கடைசிப் புலம் அவருடைய ஷெல்; முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஆள் வெளியேறவில்லை என்றால், அவர் ஷெல்லின் கட்டளைக் குறியில் இல்லை. விம் எடிட்டரைத் திறந்திருக்கிறார், அல்லது ஓடும் வேலைகளைக் காட்டும் ‘டாப்’ ஓடுகிறது, அல்லது ஒரு பதிவுக் கோப்பை ‘டெயில் -எஃப்’ கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்னால் ஒரு நிரல் ஓடும்வரை பாஷின் கடிகாரம் ஓடவே ஓடாது. அது பிழையல்ல, அதன் வடிவமைப்பே அப்படி. எழுந்து போகும் முன் விம்மைத் திறந்து வைத்துவிட்டுப் போகிற ஒரே ஒரு பழக்கம் உங்கள் கொள்கை முழுவதையும் செயலிழக்கச் செய்துவிடும். அப்படிப்பட்டவர்களையும் பிடிக்க வேண்டும் என்றால் டெர்மினலின் விசைக் கடிகாரத்தைப் பார்க்கும் லாகின்டிக்குப் போக வேண்டும்; அதன் ஆபத்தைக் கீழே சொல்கிறேன்.

மாறியை ‘ரீட்ஒன்லி’ (மாற்ற முடியாதது) ஆக்கிப் பூட்டினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பூட்டு அந்த ஒரு ஷெல்லுக்குள் மட்டும்தான். அதிலிருந்து ஆர்சி கோப்புகளை (ஷெல் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்புகளை) படிக்காத புதிய பாஷ் ஒன்றைத் திறந்தால், பூட்டு கூடவே வராது, மாறியை நீக்கிவிடலாம். மறதிக்காரர்களுக்கு இது உதவும். தவிர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தவரைத் தடுக்காது.

“15 நிமிடம் என்று வைத்தேன், 45 நிமிடம் ஆகிறது”

அவர் உள்ளே நுழைந்து, ‘சூடோ -ஐ’ போட்டு ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) ஆகி, அங்கிருந்து இன்னொரு பயனராக மாறியிருப்பார். மூன்று ஷெல்கள், ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே இருப்பது 15 நிமிடத்தில் மூடும். அதுவரை அதன் முடிவுக்காகக் காத்திருந்த நடு ஷெல் அப்போதுதான் தன் எண்ணிக்கையைத் தொடங்கும். அதற்குப் பின் வெளி ஷெல். ரூட் ஷெல்லுக்கு மட்டும் இன்னும் குறைந்த வரம்பை வைப்பது நல்லது. ஆபத்தான அடுக்கு முதலில் உரியட்டும்.

“தட்டிக்கொண்டிருக்கும்போதே வெளியேற்றுகிறது”

இந்தப் புகாரை நம்பாமல் விடாதீர்கள். பாஷ் எதிர்பார்ப்பது முழுமையான ஒரு கட்டளையை. என்டர் அழுத்தாமல் ஒரு நீளமான வரியைத் திருத்திக்கொண்டே இருந்தால், தட்டும் எழுத்துகள் கடிகாரத்தைத் திருப்பி வைக்காது. பல வரிகளில் முடியும் கட்டளையும் பாஷின் கண்ணில் ஒன்றே. ஒவ்வொரு வரிக்கும் புதுக் கணக்குக் கிடையாது. வரம்பை 60, 120 விநாடி என்று இறுக்கிய இடங்களில்தான் இது உறைக்கும். நீளமான கட்டளைகளைக் கோப்பில் எழுதி ஓட்டச் சொல்லுங்கள், வரம்பையும் தளர்த்துங்கள்.

“ஸ்கிரிப்ட் என் பதிலுக்குக் காத்திருக்காமல் தானே முடிவெடுத்துவிட்டது”

இதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. ‘டிஎம்அவுட்’ மாறிக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு: பயனரின் பதிலை வாங்கும் பாஷின் ‘ரீட்’ கட்டளைக்கும் அதுவே இயல்பான கால வரம்பு. மாறியை ‘எக்ஸ்போர்ட்’ செய்திருந்தால், அதாவது ஷெல் தொடங்கும் நிரல்களுக்கும் கொடுத்திருந்தால், அந்தப் பயனர் ஓட்டும் பாஷ் ஸ்கிரிப்ட்களுக்குள்ளும் அது நுழைந்துவிடும்.

பழைய காப்புக் கோப்புகளை நீக்கும் ஒரு ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்ளுங்கள். “நீக்கலாமா? வேண்டாம் என்றால் ‘இ’ தட்டவும்” என்று கேட்டுவிட்டு ‘ரீட்’டில் நிற்கிறது. கேட்டவரை யாரோ கூப்பிட, அவர் எழுந்து போகிறார். 900 விநாடி முடிகிறது. ‘ரீட்’ 142 என்ற வெளியேறு எண்ணோடு திரும்புகிறது. பதில் மாறி காலியாக இருக்கிறது. எழுதியவர் அந்த எண்ணைச் சோதிக்கவில்லை. அடுத்த வரி “பதில் ‘இ’ இல்லை என்றால் நீக்கு” என்கிறது. காலி என்பது ‘இ’ அல்ல. கோப்புகள் போய்விட்டன. ஷெல் முன்னால் நடக்க வேண்டிய பாதுகாப்பு, தரவை அழித்துவிட்டது.

செய்ய வேண்டியவை இரண்டு. முடிந்தவரை மாறியை ‘எக்ஸ்போர்ட்’ செய்யாதீர்கள். ஷெல்லுக்குள் இருந்தாலே அது தன் வேலையைச் செய்யும். சிஐஎஸ் போன்ற பாதுகாப்பு வழிகாட்டிகளின்படி தணிக்கை நடக்கும் இடங்களில் 900 விநாடி, ‘ரீட்ஒன்லி’, ‘எக்ஸ்போர்ட்’ மூன்றையும் கேட்பார்கள். அப்படியானால் கேள்வி கேட்கும் ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தொடக்கத்திலும் ‘அன்செட்’ கொண்டு மாறியை நீக்குங்கள். ஸ்கிரிப்ட் தனி ஷெல்லில் ஓடுவதால் ‘ரீட்ஒன்லி’ அங்கே தடுக்காது. எப்படியானாலும், காலியான பதிலுக்கு அழிவு வேலையை இயல்பாக வைக்கும் ஸ்கிரிப்ட் இருந்தால் இன்றே திருத்துங்கள்.

“சர்வரை மேம்படுத்திய பிறகு எஸ்எஸ்எச் வரம்பு வேலை செய்யவில்லை”

பல ஆண்டுகளாகக் கையிலிருந்து கைக்கு வந்த ஒரு செய்முறை உண்டு: ‘க்ளையன்ட் அலைவ் இன்டர்வல்’ 900, ‘க்ளையன்ட் அலைவ் கவுன்ட் மேக்ஸ்’ 0. மறுமுனையிலிருந்து 900 விநாடி எதுவும் வராவிட்டால் சர்வர் ஒரு சோதனைச் செய்தி அனுப்பும். எண்ணிக்கை 0 என்பதால் பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே அறுத்துவிடும். அமைப்பு உருவாக்கப்பட்ட நோக்கம் அதுவல்ல, பக்க விளைவாகப் பயன் கிடைத்தது. 2020 பிப்ரவரியில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2 அந்த நடத்தையை மாற்றிவிட்டது. அதிலிருந்து 0 என்றால் இணைப்பை ஒருபோதும் அறுக்காதே என்று பொருள். ரெட்ஹேட் 8-இல் இருப்பது 8.0, ரெட்ஹேட் 9-இல் 8.7. ஆகவே அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்து மேம்படுத்தியவர்களுக்கு, ஒரு எழுத்தும் மாறாமல் பொருள் தலைகீழாகிவிட்டது. எச்சரிக்கையும் வராது.

எண்ணிக்கையை 1 அல்லது 3 என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். உயிரோடு இருக்கும் க்ளையன்ட் (பயனரின் கணினியில் ஓடும் எஸ்எஸ்எச் நிரல்) சோதனைச் செய்திக்குத் தானாகவே பதில் தரும். மனிதர் நாற்காலியில் இருக்கிறாரா என்பது அந்தப் பதிலில் தெரியாது.

சரியான வழி 2023 பிப்ரவரியில் ஓப்பன்எஸ்எஸ்எச் 9.2 கொண்டுவந்த ‘சேனல் டைம்அவுட்’. அதில் ‘செஷன்’ வகைக்கு 15 நிமிடம் என்று கொடுத்தால், அவ்வளவு நேரம் தரவு ஓடாத அமர்வை அது மூடும். சேனல் (இணைப்புக்குள் ஓடும் தனித் தடம்) மூடினாலும் இணைப்பு திறந்தே இருக்கலாம் என்பதால் ‘அன்யூஸ்டு கனெக்ஷன் டைம்அவுட்’ என்பதையும் சேர்த்து வையுங்கள். டெபியன் 12, உபுண்டு 24.04 ஆகியவற்றில் இவை உண்டு. ஒரு குறை: ‘டாப்’ ஓடும் திரை சில விநாடிகளுக்கு ஒருமுறை தரவை அனுப்பிக்கொண்டிருப்பதால், அதன் முன் யாரும் இல்லாவிட்டாலும் அமர்வு சுறுசுறுப்பாகவே தெரியும்.

மாற்றிய பிறகும் பழைய மதிப்பே இருப்பதுபோல் தோன்றினால் ‘எஸ்எஸ்எச்டி -டி’ என்று ரூட்டாக ஓட்டுங்கள். கோட்டுக்குப் பின் வரும் ‘டி’, ‘டெஸ்ட்’ என்ற சொல்லின் முதல் எழுத்து; அதைப் பெரிய எழுத்தாகத் தட்டுங்கள். சேவை உண்மையில் எந்த மதிப்பை எடுத்துக்கொள்கிறது என்று அது காட்டும். எஸ்எஸ்எச் அமைப்பில் ஒரே பெயர் இரண்டு இடங்களில் வந்தால் முதலில் படித்ததே செல்லும். அண்மைய பதிப்புகளில் துணை அடைவிலுள்ள கோப்புகள் முதன்மைக் கோப்பின் தலையிலேயே சேர்க்கப்படுகின்றன. நீங்கள் கீழே எழுதியதை அங்கே இருக்கும் ஒரு கோப்பு முந்தியிருக்கும்.

“இரவெல்லாம் ஓட வேண்டிய கணக்கீடு பாதியில் செத்துவிட்டது”

பாஷைச் சந்தேகிக்க வேண்டாம். முன்னால் வேலை ஓடும்போது அதன் கடிகாரம் ஓடாது என்று பார்த்தோம். சந்தேகிக்க வேண்டியது லாகின்டியின் ‘ஸ்டாப் ஐடில் செஷன் செக்’ (கடைசிச் சொல் ‘செகண்ட்’ என்பதன் சுருக்கம்) அமைப்பை. 2022 அக்டோபரில் வந்த சிஸ்டம்டி 252-இல் இது அறிமுகமானது. பழைய பதிப்பில் எழுதினால், புரியாத பெயர் என்று பதிவேட்டில் குறித்துவிட்டு ஒதுக்கிவிடும்; உபுண்டு 22.04-இல் இருப்பது 249 என்பதால் அங்கே வரம்பு வேலை செய்யாததற்கு அதுவே காரணம்.

இந்த அமைப்பு விசைப்பலகையை மட்டுமே பார்க்கிறது. செயலி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தாலும், யாரும் விசையைத் தொடவில்லை என்றால் அதன் கணக்கில் அது சும்மா இருக்கும் அமர்வுதான். நிறுத்தும்போது அந்த அமர்வுக்குள் பிறந்த எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துகிறது. லாகின் போனாலும் வேலையைத் தொடர வைக்கும் ‘நோஹப்’ கட்டளை இங்கே காப்பாற்றாது. இணைப்பு அறுந்தாலும் ஷெல்களை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் கூட, அந்த அமர்வுக்குள்ளிருந்து தொடங்கப்பட்டது என்றால், கூடவே போய்விடும். டிமக்ஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மூன்று நாள் கணக்கீட்டை விட்டுச் சென்ற ஆய்வு மாணவருக்கு இது பெரும் அடி. இந்த அமைப்பை இயக்கும் முன் பயனர்கள் அனைவருக்கும் சொல்வது நிர்வாகியின் கடமை என்று நினைக்கிறேன்.

தப்பிக்கும் வழி, வேலையை அமர்வுக்கு வெளியே பிறக்க வைப்பது. பயனர் வெளியேறிய பிறகும் அவருடைய வேலைகள் ஓட, நிர்வாகி அந்தப் பயனருக்கு ‘லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ கொடுக்க வேண்டும். பயனர் டிமக்ஸை நேராகத் தொடங்காமல், முன்னால் ‘சிஸ்டம்டி-ரன் --யூசர் --ஸ்கோப்’ சேர்த்துத் தொடங்க வேண்டும். அப்போது அது பயனரின் சொந்த மேலாளரின் கீழ் வாழும். லாகின் போனாலும் வேலை நிற்காது. கணக்கீட்டுக்கென்றே உள்ள சர்வர் என்றால் ஸ்லர்ம் போன்ற வரிசை மேலாளரை நிறுவுங்கள். வேலையும் லாகினும் அங்கே முதலிலேயே பிரிந்துவிடுகின்றன. வெளியேற்றும் வரம்பை எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கலாம்.

“ஆள் எப்போதோ போய்விட்டார், பெயர் மட்டும் பட்டியலில் இருக்கிறது”

மடிக்கணினியை மூடிவிட்டார், அல்லது வைஃபை அறுந்தது. சர்வருக்குச் செய்தி வரவில்லை. ‘க்ளையன்ட் அலைவ்’ அமைப்புகள் உருவானது இதற்காகத்தான். இன்டர்வல் 60, எண்ணிக்கை 3 என்று வைத்தால் ஏறத்தாழ 3 நிமிடத்தில் இந்த அனாதை இணைப்புகள் துடைக்கப்படும். இயல்பில் இன்டர்வல் 0, அதாவது கேள்வியே கேட்பதில்லை. லினக்ஸின் டிசிபி சோதனையோ 7200 விநாடி, 2 மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும்.

கையால் வெளியேற்ற வேண்டி வந்தால் ‘லாகின்சிடிஎல் டெர்மினேட்-செஷன்’ கட்டளையோடு அமர்வு எண்ணைக் கொடுங்கள். அல்லது அந்த டெர்மினலில் ஓடும் நிரல்களுக்கு ‘ஹப்’ சிக்னல் (இணைப்பு போய்விட்டது என்ற அறிவிப்பு) அனுப்புங்கள். ‘கில் -9’ கடைசி வழி. அது எடிட்டருக்குத் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நொடியும் தராது.

“எந்த வரம்பும் வைக்கவில்லை, 5 நிமிடத்தில் அறுகிறது”

சர்வரில் தேட வேண்டாம். வழியில் ஒரு ஃபயர்வாலோ முகவரி மாற்றியோ இணைப்பை மறந்துவிடுகிறது. அமேசான் கிளவுடின் நாட் கேட்வே 350 விநாடி அமைதியை மட்டுமே பொறுக்கும். அஷூரின் லோடு பேலன்சர் இயல்பில் 4 நிமிடம். நிலைபெற்ற டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்குள் மறக்கக் கூடாது என்று இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5382 சொல்கிறது. எல்லாக் கருவிகளும் அதைப் பின்பற்றுவதில்லை. பயனரின் பக்கத்தில் ‘சர்வர் அலைவ் இன்டர்வல்’ 60 என்று வைத்தால் இது தீரும்.

“ரிமோட் டெஸ்க்டாப்பில் வரம்பு முடிந்தும் நிரல்கள் நினைவகத்தில் நிற்கின்றன”

விண்டோஸ் சர்வரின் குரூப் பாலிசியில் சும்மா இருக்கும் அமர்வுக்கு வரம்பு வைத்தால், அது இணைப்பைத் துண்டிக்கும், லாக்அவுட் செய்யாது. துண்டிக்கப்பட்ட அமர்வுகளுக்குத் தனி வரம்பு உண்டு, வரம்பு முடிந்ததும் அமர்வை முடித்துவிடு என்ற தனி விருப்பமும் உண்டு. முதல் வரம்பைக் குறைவாகவும் துண்டிக்கப்பட்டவற்றின் வரம்பைச் சில மணி நேரமாகவும் வைப்பதே என் பரிந்துரை. திரை மூடிக்கொள்ளும், சேமிக்காத கோப்பு காத்திருக்கும். அட்டைப் பணப்பரிமாற்றத்துக்கான பிசிஐ விதி கேட்பதும் 15 நிமிடச் சும்மாவுக்குப் பின் மீண்டும் அடையாளம் காட்ட வேண்டும் என்பதைத்தான். திரைப் பூட்டே அதற்குப் போதும்; வேலையை அழிக்கச் சொல்லி அந்த விதி கேட்கவில்லை.

“வெளியேற்றியதில் நான் எழுதிக்கொண்டிருந்த கோப்பு போய்விட்டது”

பெரும்பாலும் போயிருக்காது. அமர்வு மூடும்போது வரும் ‘ஹப்’ சிக்னலைக் கண்டதும் விம் தன் ஸ்வாப் கோப்பை (சேமிக்காத மாற்றங்கள் இருக்கும் தற்காலிகக் கோப்பை) பத்திரப்படுத்திவிட்டுத்தான் இறக்கிறது. அதே அடைவுக்குப் போய் ‘எல்எஸ் -ஏ’ போடுங்கள். புள்ளியில் தொடங்கி ‘.எஸ்டபிள்யூபி’ என்று முடியும் கோப்பு தெரியும். ‘விம் -ஆர்’ என்று தட்டி மூலக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். திறந்ததை வேறு பெயரில் சேமித்து, பழையதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே ஸ்வாப் கோப்பை நீக்குங்கள்.